தூத்துக்குடித் தீவுகளில் ஏன் ஒரு அடுப்பும் எரியவில்லை?

கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு கிடக்கு. ஒண்ணுலகூட ஒரு குடும்பம் இல்ல. லட்சத்தீவுல பத்து ஹெக்டேர் மண்ணுல ஒரு ஊரே இருக்கு. நம்மாளுக பயந்தாங்கொள்ளி, கரையை விட்டு நகர மாட்டாங்கன்னு நான் சொல்றேன். மறுப்பு உண்டா?

3 ஆகஸ்ட்

உண்டு. பயந்தாங்கொள்ளி என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எங்க பெரியப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தவர். தூத்துக்குடியில் வெங்காயமும் காய்கறியும் ஏற்றி மாலத்தீவு போய்விட்டு வருவார். கரையை விட்டு நகராத ஆளா அது?

காரணம் தண்ணீர். சின்ன மணல் தீவில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. பெய்கிற மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டு கிடக்கும், குழம்பு மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி. கடல்தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசு, அவ்வளவுதான் சங்கதி. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் நிற்கும் என்பது கணக்கு. லட்சத்தீவில் ஒன்றான மினிக்காயில் வருசத்துக்கு 1,600 மி.மீ. அளவில் மழை. தூத்துக்குடியில் அதில் பாதிகூடக் கிடையாது. அதனால்தான் அங்கே உப்பளம். உப்பளத்துக்குத் தோதான வானம் ஊற்றுக்குத் தோதாகாது.

3 ஆகஸ்ட், ராத்திரி

கேள்வியிலேயே ரெண்டு திருத்தம்.

ஒன்று, 21 என்பது ஏட்டுக்கணக்கு. விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. பவளக்கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று. மிச்சம் 19.

ரெண்டாவது, நீர் சொல்லும் பத்து ஹெக்டேர் ஊர் பித்ரா. சரியாகச் சொன்னால் பத்தரை. 2011 கணக்கெடுப்பில் 271 பேர். லட்சத்தீவில் ஆள் இருக்கும் தீவு பத்துதான்: கவரத்தி 11,221, ஆந்த்ரோத் 11,191, மினிக்காய் 10,447, அமினி 7,661, அகத்தி 7,566, கடமத் 5,404, கல்பேனி 4,419, கில்த்தான் 3,946, செத்லத் 2,347, கடைசியில் பித்ரா. கூட்டினால் 64,473. பேரில்தான் லட்சம். அதே கணக்கெடுப்பில் நம்ம நெல்லை மாநகராட்சி 4,73,637. மொத்த லட்சத்தீவையும் கொண்டுவந்து டவுனிலும் பாளையங்கோட்டையிலும் இறக்கினால் வாடகை கொஞ்சம் கூடும், வேறொன்றும் ஆகாது.

5 ஆகஸ்ட்

அடி விழுந்துவிட்டது. வேம்பார்க்காரத் தம்பி ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "சார், எங்க ஊருக்கு நேரா இருக்குற தீவு பேரு நல்லதண்ணித்தீவு."

நான் முழிக்கிறேன். பேரிலேயே நல்ல தண்ணீர். பக்கத்திலேயே உப்புத்தண்ணித் தீவு. ரெண்டையும் ருசி பார்த்து வித்தியாசம் தெரிந்து பேர் வைத்தவன் நம்மாள்தான். கரை இறங்கிக் குடித்திருக்கிறான். ஆனால் நல்ல தண்ணீர் கிடைத்த தீவிலும் அவன் குடியிருக்கவில்லை.

தண்ணீர் மட்டும் காரணம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். வெட்கம்தான். திருச்செந்தூரில் அலைக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணறு இருப்பது சின்னப்பிள்ளையில் இருந்தே தெரியும். அதில் குளித்தவன், கடலோரம் என்றாலே உப்பு என்று எழுதியிருக்கக் கூடாது.

5 ஆகஸ்ட், பிறகு

"தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, அதான்" என்று ஒருவர். அது வந்தது 1986இல். அதே வருசம்தான் தூத்துக்குடி நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்தி எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே, அப்போதும் குடித்தனம் இல்லை. வலை காயப்போட்டான், சங்கு குளிக்கிறவன் இளைப்பாறினான், பவளக்கல் வெட்டுகிறவன் வெட்டினான். அந்தக் கல் காளவாயில் வெந்து சுண்ணாம்பாக வந்தது. தூத்துக்குடியில் எங்க ஆச்சி வீட்டு மதிலே பவளக்கல்தான். மழை பெய்து காரை உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும். சின்னதில் அதைச் சிற்பி செதுக்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆக, தீவுக்குக் குடிபோகவில்லை, தீவைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வான் தீவு கரையாமல் இருக்க இப்போது அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டு இறக்கியிருக்கிறார்கள்.

8 ஆகஸ்ட்

மூணு நாள் யோசித்தேன். இந்தத் தீவுகள் கரையில் இருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தொடங்கிப் பத்துக்குள் முடிந்துவிடும். பெரியப்பாவிடம் நான் பள்ளிக்கூடக் காலத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது: "ஏல, அந்தியில வீட்டுல மீன்குழம்பு கொதிக்குது, வாசனை இங்க வரைக்கும் வருது. அத விட்டுட்டு எவம்ல மணல்ல படுப்பான்?"

அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு அதுதான் பதில் என்று படுகிறது. பக்கத்துத் தீவுக்குப் போனவன் பொழுது சாய வீடு திரும்பலாம். பித்ராவில் இருப்பவன் எங்கே திரும்ப? கொச்சி கண்ணுக்குத் தெரியாத தூரம். ஒரு தீவில் எத்தனை பேர் என்பதைத் தீவு தீர்மானிப்பதில்லை, எதிரே இருக்கும் கரைதான் தீர்மானிக்கிறது.

உடனே ஒரு இடக்கு. பித்ராவே ரொம்ப நாள் ஆளில்லாமல்தான் கிடந்தது. கடற்பறவை முட்டையிடும் தீவு. செத்லத்காரர்கள் வந்து முட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். நிரந்தரமாகக் குடியேறியது 1945 வாக்கில்தான். அதாவது பித்ராவுக்கு "கரை" செத்லத். தீவுக்கே ஒரு தீவு கரையாக இருக்கலாம் போலிருக்கிறது. இதை இன்னும் யோசிக்கணும்.

9 ஆகஸ்ட்

271, 2,347 என்று எழுதிக்கொண்டே போகும்போது இந்த எண் எப்படி வருகிறது என்று சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நானும் ஆள் எண்ணியவன். 2011இல் வாத்தியார் வேலை, கணக்கெடுப்புக்குப் போட்டுவிட்டார்கள். உவரிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எனக்கு.

பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போகணும். வழக்கமாக அந்த வீட்டில் இருப்பவர், அந்த இருபது நாளில் ஒரு நாளாவது அங்கே தங்கியிருந்தால் எழுதலாம். முழுக்க வெளியே இருந்தால் இங்கே எழுதக்கூடாது, இருக்கிற இடத்தில் எழுதிக்கொள்வார்கள். படிக்கும்போது சுலபம். ஊருக்குள் போனால் வீட்டுக்கு வீடு ஆம்பிளை இல்லை. எல்லாரும் கொச்சிப்பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது அங்கேயே தங்கி மீன்பிடிக்கப் போய்விட்டார்கள். ஈஸ்டருக்கு வருவார்கள்.

ஒரு வீட்டில் அந்த அம்மா கேட்டாள்: "சாரே, வீட்டுக்காரவுக பேர எழுதலியா?" விதியைச் சொன்னேன். "அங்க எழுதுவாவளா?" என்றாள். எழுதுவார்கள் என்றேன். "போட்டுலதான படுத்துக் கெடக்காவ, அங்கன யாரு வந்து எழுதுவா?" பதில் இல்லை. கறுப்பு டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். அந்த ஆளை எழுதவில்லை. விதிப்படி சரி. இன்றுவரை உறுத்தல்தான்.

மேலதிகாரி ஒருவர் "உம்ம ஊரில் பொம்பளைகள் மட்டும் இருக்காகளோ" என்று படிவத்தைத் தூக்கி மேசையில் போட்டார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. கணக்கெடுப்புக்கான படிப்பணம் இன்னும் வாங்காத நேரம்.

10 ஆகஸ்ட்

சிரிக்க ஒன்று. அந்தமானில் வட சென்டினல் தீவு. உள்ளே போக முடியாது, போனால் அம்பு. படகில் தள்ளி நின்று, கரையில் கண்ணில் பட்டவர்களை எண்ணினார்கள். 2001இல் 39. 2011இல் 15. ஜனத்தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தமில்லை, அன்றைக்கு அத்தனை பேர்தான் கடற்கரைக்கு வந்தார்கள். எனக்கும் அந்த வசதி கொடுத்திருந்தால் சர்ச் திருவிழா அன்றைக்கு உவரிக் கடலில் படகில் நின்று எண்ணி, மாவட்டத்திலேயே பெரிய ஊர் என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

14 ஆகஸ்ட்

உவரி என்றதும் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தேன். உவரியும் மினிக்காயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 8 டிகிரி 17 நிமிடம் பக்கம். உவரியில் நின்று மூக்குக்கு நேரே மேற்கே போனால் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாண்டிக் கடல், அப்புறம் சுமார் நானூற்றைம்பது கிலோமீட்டர் தண்ணீர், அப்புறம் மினிக்காய்.

இன்னொரு சொந்தமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தத் தீவுகள் சென்னை மாகாணத்தோடு இருந்தவை. சில மலபார் கலெக்டருக்குக் கீழே, அமினித் தீவுகள் தென் கன்னடத்துக்குக் கீழே. அன்றைக்குப் பார்த்தால் திருநெல்வேலிக்காரனும் மினிக்காய்க்காரனும் ஒரே கோட்டைக்கு மனு எழுதியவர்கள். லட்சத்தீவு என்று பேர் மாற்றியது 1973இல்தான்.

அதைவிடப் பெரிய சொந்தம் மாசி. காயல்பட்டணத்தில் சாப்பிட்டவருக்குத் தெரியும். சூரை மீனை அவித்து, புகை காட்டி, விறகுக்கட்டை மாதிரி ஆகும் வரைக்கும் காயப்போடுவது. மினிக்காயிலும் மாலத்தீவிலும் அதுதான் தொழில். பெரியப்பா கொண்டுவருவார். ஆச்சி அதை அம்மியில் தட்டித் தேங்காயும் மிளகாயும் வைத்துச் சம்பல் அரைப்பாள். சோறு கூடுதலாக வடிக்கணும் அன்றைக்கு.

15 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு "அங்க எல்லாரும் மலையாளம்தானே, நமக்குப் பேச்சுச் சிரமமில்லை" என்கிறார் ஒருவர். ஒன்பது தீவில் மலையாளத்தின் ஒரு சாயல், ஜெசரி. மினிக்காயில் மட்டும் மஹல், அது மாலத்தீவுப் பாஷை. ஊருக்கு அவர்கள் வைத்த பேரும் மலிக்கு. அவர்களுக்கும் மற்ற தீவுகளுக்கும் நடுவே ஒன்பது டிகிரிக் கால்வாய், மாலத்தீவுக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டு டிகிரிக் கால்வாய். இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். மினிக்காய் ஆம்பிளைகளும் கப்பல் வேலைக்குப் பேர் போனவர்கள். நம்ம தங்கல் தொழில் மாதிரியே, வருசக்கணக்கில். 10,447இல் வீட்டில் இருந்தவர் யார், இல்லாதவர் யார் என்று அந்த ஊர் வாத்தியாரைத்தான் கேட்கணும். அவருக்கும் யாராவது ஒரு அம்மா கறுப்பு டீ கொடுத்திருப்பாள்.

21 ஆகஸ்ட்

"ராமேஸ்வரத்தை ஏன் விட்டீர்?" விட்டதற்குக் காரணம் பாலம். 2011இல் ராமேஸ்வரம் நகராட்சி மட்டும் 44,856 பேர். லட்சத்தீவில் பெரிய தீவு ஐந்தும் சேர்ந்தால்தான் அதைத் தாண்டும். ஆனால் 1914இல் ரயில் பாலம், 1988இல் ரோட்டுப் பாலம், இந்த வருசம் ஏப்ரலில் புது ரயில் பாலம். ராத்திரி நெஞ்சுவலி என்றால் வண்டி ஏறிப் போகலாம். அதைத் தீவு என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. இதில் என்னோடு சண்டை போட வருகிறவர்கள் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒத்துக்கொள்கிறேன், அந்த ராத்திரி அது தீவுதான்.

அப்படிப் பார்த்தால் 2023 டிசம்பர் 17, 18இல் ஸ்ரீவைகுண்டமும் தீவுதான். காயல்பட்டணத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது, சுற்றிலும் தண்ணீர், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. ஐந்நூறு பேருக்கு மேல் ரெண்டு நாள் அங்கேயே. எங்க மதினி அக்கரையில் ஒரு ஊரில் மாட்டிக்கொண்டாள். போன் கிடைத்ததும் முதல் பேச்சு: "சுத்தித் தண்ணி, குடிக்க ஒரு சொம்பு இல்ல." மூணாம் தேதி நான் எழுதிய மிதக்கும் தண்ணீர்ப் பாடத்தை அவளிடம் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பாள்.

தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் வருசாவருசம் தீவாகிறார், அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

24 ஆகஸ்ட்

சென்னையில் கொஞ்ச நாள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் நெடுந்தீவு அம்மா ஒருவர். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கிடக்கும் தீவு, டச்சுக்காரன் வைத்த டெல்ஃப்ட் என்ற பேரும் இருக்கிறது. பவளக்கல் அடுக்கிய வேலி, காட்டுக்குதிரை. மதில் கதையை அவரிடம் சொன்னபோது "எங்கட வேலியெல்லாம் அதுதான், பூசாமலே அடுக்குவம்" என்றார்.

குறிகட்டுவானில் இருந்து படகு ஏறினால் ஒரு மணி நேரம் என்றார். அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம். ஆஸ்பத்திரிக்கும் படகு, மேல்படிப்புக்கும் படகு. 1985 மே 15இல் குமுதினிப் படகில் போனவர்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் ஊர்ப் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். சண்டைக்காலத்தில் சனம் கிளம்பிற்று. நெடுந்தீவுக்காரர் தீவில் இருப்பதைவிட வெளிநாட்டில்தான் அதிகம் என்பார்.

என் எட்டாம் தேதிக் கணக்கு இங்கே கொஞ்சம் வளைகிறது. ரொம்பப் பக்கம் என்றால் குடியேற மாட்டான், ரொம்பத் தூரம் என்றால் நிலைத்துவிடுவான் என்றேன். நடுத்தூரத்துத் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறுவான், ஆனால் எதிர்க்கரை தினமும் கண்ணில் தெரிந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

30 ஆகஸ்ட்

நேற்று ஆகஸ்ட் 29. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா என்ற தீவு காலியாகி 95 வருசம். 1930இல் மிச்சம் இருந்தது 36 பேர். அரசாங்கம் விரட்டவில்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர்களே மே மாதம் மனு எழுதினார்கள். படகு இழுக்கத் திராணியுள்ள ஆண்கள் குறைந்துபோனார்கள், காரணம் அதுதான். அயர்லாந்தில் கிரேட் பிளாஸ்கெட், 1953 நவம்பர், 22 பேர். அது கரையில் இருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான், ஆனாலும் நடுவில் கடல் முரடு. தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தது என் தப்பு. வருசத்தில் எத்தனை நாள் படகு போகும் என்று அளக்கணும். நம்ம பக்கம் கச்சான் காற்று எழும்பும் மாசத்தில் தோணிக்காரனைக் கேட்டால் சொல்வான்.

இதற்கு நேர் எதிராக, கரையே ஆளைக் கொண்டுபோய் இறக்கிய தீவும் உண்டு. நிக்கோபாரில் கச்சால். 1964 சாஸ்திரி, சிறிமா ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்டத்துக்கு அங்கே அனுப்பினார்கள். மலையில் இருந்து தலைமன்னார், தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரம், அப்புறம் கச்சால். கடலே பார்க்காத தேயிலைக்காட்டுச் சனம் தீவுக்காரராக ஆகிப்போனார்கள்.

271 பேரும் 36 பேரும் ரொம்ப வித்தியாசமில்லை என்று ஒருவர் சொல்கிறார். இருக்கிறது. பித்ராவுக்குக் கப்பல் வருகிறது, ரேஷன் வருகிறது, வாத்தியார் வருகிறார். கவரத்தியில் 2005இலேயே சென்னைக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். பிறகு மினிக்காய், அகத்தி. எதிர்க்கரை கையை விடாதவரை எண் நிற்கும். செயின்ட் கில்டாவுக்கு அந்தக் கை எட்டவில்லை.

6 செப்டம்பர்

கையை விடாது என்று எழுதிய மறுநாளே பித்ரா பற்றிய செய்தியை அனுப்பிவிட்டார்கள். நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இந்த ஜூலையில், பாதுகாப்புத் தேவைக்காகப் பித்ராவை முழுதும் கையகப்படுத்த லட்சத்தீவு நிர்வாகம் சமூகத் தாக்க ஆய்வு அறிவிப்பு போட்டிருக்கிறது. ஊர்க்காரர் எதிர்க்கிறார்கள், அவர்கள் எம்.பி.யும் எதிர்க்கிறார். அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். பித்ரா என்ற வரிக்கு நேரே என்ன எண் வரும் என்று பார்க்க வேண்டியதுதான்.

போன ஞாயிறு உவரிக்குப் போயிருந்தேன், அப்படியே அந்தப் பழைய ஊருக்கும். டீ கொடுத்த வீட்டில் அந்த ஆள் திண்ணையில் வலைக்கண் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டு வலி, கொச்சிக்குப் போவதை விட்டாயிற்று. ரெண்டு பையன்களும் இப்போது வளைகுடாவில். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்: "சாரே, இவுக இருக்காவ, எழுதிக்கிடுங்க. பயலுவள என்ன செய்வீய?" நான் ரிடையராகி மூணு வருசம், படிவமெல்லாம் இல்லை என்றேன். அப்ப டீயாவது குடிச்சிட்டுப் போங்க என்றாள்.

7 செப்டம்பர்

பித்ரா பத்தரை ஏக்கர் என்று யாரோ என் பேரைப் போட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். ஏக்கர் இல்லை, ஹெக்டேர். ஏக்கரில் 26.